வெயிலில் உறைந்த முரல் மீன்கள்

கையில் எப்போதும் மீன் செதில் ஒன்று ஒட்டியிருக்கும் என் அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முரல் மீன்கள் பழுதாகவில்லை. ஒன்றுகூட. நீங்கள் கெர்தெமிண்டே கரையில் பிடித்து, தலை வெட்டி, ஐந்தைந்தாகப் பைகளில் கட்டி வைத்த மீன்கள் ஒரு மாதம் முழுக்கக் கல்லுப்போலக் கிடந்தன. அவற்றைக் கல்லாக வைத்திருந்தது வெயில். இதை எத்தனை தரம் எழுதிப் பார்த்தாலும் எனக்கே நம்ப முடியாமல் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமி கேட்டார். அப்போது என்னால் முடியவில்லை. நான் கதைப்பதே குறைவு, எழுதுவதற்கும் நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது ஆவணி மாதம். இதை இங்கத்தைய தமிழ்ச் சங்கத்து மலரில் போடப்போகிறார்களாம். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். நான் உங்களோடுதான் கதைக்கிறேன்.

நீங்கள் போனது வைகாசியில். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் தொடைவரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, உயரமான டெனிஷ் ஆண்களுக்கு நடுவில் தூண்டிலோடு நின்றீர்கள். திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் ஒரு வயதான பெண்ணுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தீர்கள். புதன்கிழமை இல்லாமல் போனீர்கள். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை உங்களுக்கும் தெரியும்.

அடுத்த நாள் அப்பாவின் அக்கா ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து ரயிலில் வந்தார். மாமி வந்தால் வீடு தானாக ஒழுங்குக்கு வரும் என்று நீங்கள் பகிடியாகச் சொல்வீர்கள். அப்படித்தான் வந்தது. உங்கள் படம் மேசைக்கு ஏறியது. விளக்கு எரிந்தது. பிறகு மாமி சாமான் அறைக்குப் போய் பிரீசரின் மூடியைத் திறந்தார்.

"இதென்ன, கடலையே அள்ளி வச்சிருக்கிறாள்" என்றார். சொல்லி முடிக்க முன்னமே அழுதுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். "தம்பி, செத்த வீடு. காரியம் முடியுமட்டும் இந்த வீட்டுக்குள்ள மச்சம் இருக்கக் கூடாது. ஆருக்கும் குடுத்திடு."

"செத்த வீட்டு மீனை ஆர் அக்கா வாங்குவினம்?"

"அப்ப எறி."

"எறிய ஏலாது" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு நாளாக என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் மீன் சமைத்துப் படைப்பார்கள் அல்லவா? போனவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போமே. அந்த நாளுக்கு என்ன செய்வது என்று மாமியிடம் கேட்டேன். "அண்டைக்குக் கடையில வாங்கலாம், பிள்ளை" என்றார். இந்த வசந்தம் முழுக்க மீன் பிடித்த உங்களுக்கு, பிளாஸ்டிக் தட்டில் வரும் கடைமீனா?

"அம்மாவுக்கு அம்மா பிடிச்ச மீனைத்தான் வைக்கோணும்" என்றேன்.

அப்பா பிரீசரின் மூடியைச் சாத்தினார். பிறகு, "தோட்டத்துக்குக் கொண்டு போவம்" என்றார். வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில், சின்னக் குடிலோடு நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் துண்டு நிலத்தைத்தான் சொன்னார்.

"அங்க கரண்டும் இல்லையே" என்றார் மாமி.

"வெயில் இருக்கு மாமி."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருசமா நான் இந்த நாட்டில வெயில் இல்லையெண்டு அழுகிறன். இவள் அந்த வெயிலில ஐஸ் போடப் போறாளாம்."

அந்த இரண்டு சோலார் பனல்களை நினைவிருக்கிறதா அம்மா? ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாரிகாலம். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே குரல் வராத ஒரு பிள்ளையை என்ன செய்வது என்று எல்லாரும் கூட்டம் வைத்துக் கதைத்தார்கள். நீங்கள் கதைக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, யாரோ கழற்றிப்போட்ட இரண்டு பனல்களைக் கொண்டுவந்து என் அறை வாசலில் சாத்தி வைத்தீர்கள். "தோட்டத்தில தேத்தண்ணி வைக்கோணும்" என்று மட்டும் சொன்னீர்கள். தேத்தண்ணி வைக்க அது போதாது என்று நான் படித்து அறிய மூன்று கிழமை எடுத்தது. ஒரு விளக்கும் தண்ணீர்ப் பம்பும் போட அது போதுமாக இருந்தது. இதற்குத்தான் கொண்டுவந்தீர்களா, நிசமாகவே தேத்தண்ணிக்கா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

அப்பாவின் வேலையிடத்து வான் வண்டியில் பிரீசரை ஏற்றிப்போய்த் தோட்டத்துக் குடிலுக்குள் வைத்தோம். பம்புக்குப் போட்டிருந்த சின்ன இன்வேர்ட்டரில் இணைத்தேன். பற்றறியில் இருக்கும் மின்சாரத்தை வீட்டு மின்சாரம் போல மாற்றித் தரும் பெட்டி அது. பிரீசர் ஒரு தரம் உறுமியது. பிறகு இன்வேர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி உறுமி நின்றது.

ஓடும்போது பிரீசர் கேட்கும் மின்சாரம் ஒரு பழைய மின்குமிழ் அளவுதான். ஆனால் எழும்பும் அந்த ஒரு நொடிக்கு அது பல மடங்கு கேட்கும். உட்கார்ந்திருப்பவர் எழும்பத்தான் கூடப் பலம் வேண்டும், நடப்பதற்கு அல்ல. அதைக் கொடுக்க என் சின்னப் பெட்டியால் முடியவில்லை.

பெரிய இன்வேர்ட்டர் ஒன்று பழையதாக விற்பனைக்கு இருந்தது. விற்கிற மனிதருக்குச் செய்தி அனுப்பினேன். போன் எடுத்துக் கதை என்று பதில் வந்தது. உங்களுக்குத் தெரியும், நான் பல் வைத்தியரிடம் நேரம் கேட்கக்கூட நீங்கள்தான் போன் எடுப்பீர்கள். அன்று மீன்கள் குளிர்ப்பைகளுக்குள் கிடந்தன. பைகளுக்கு வெளியே வியர்க்கத் தொடங்கியிருந்தது. நான் போன் எடுத்தேன். வணக்கம் சொன்ன பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மனிதர் வைத்துவிடாமல் பொறுமையாக இருந்தார். கடைசியில், "பிரீசருக்கு" என்றேன். "ஓ, அப்படியென்றால் உடனே வா" என்றார். சைக்கிள் கூடையில் அந்தப் பாரத்தை வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன்.

இந்த முறை பிரீசர் உறுமியது, தயங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது.

அம்மா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் வெளியே ஓடிப்போய்ப் பனலில் கை வைத்தேன். சுட்டது. அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்து பிரீசரின் உட்சுவரில் கை வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. ஒரே வயரின் இரண்டு முனைகள். ஒரு முனையில் நெருப்புப் போலச் சூடு, மற்ற முனையில் பனி. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் இப்படிக் கை வைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

பிரீசர் குளிரை உண்டாக்குவதில்லை என்று பிறகு வாசித்து அறிந்தேன். குளிர் என்று ஒரு சாமானே இல்லையாம். மீனுக்குள் இருக்கும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பெட்டியின் பக்கச் சுவர்களால் வெளியே விடுகிறது. அவ்வளவுதான் அது செய்யும் வேலை. அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டுவதற்கு வெயில் கூலியாள் போல வேலை செய்கிறது. சூட்டைச் சூட்டாலேயே வெளியேற்றுவது. இரண்டு நாள் வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஆனி மாதத்து டென்மார்க்கை எங்களுக்காகவே செய்து வைத்ததுபோல இருந்தது. விடிய நாலரைக்கே வெயில். இரவு பத்து மணிக்கும் வானம் வெளிச்சம். காலையில் போய் இன்வேர்ட்டரைப் போடுவேன். பொழுதுபட நிற்பாட்டுவேன். பிரீசர் ஓடாத நேரத்திலும் இன்வேர்ட்டர் சும்மா இருந்து மின்சாரம் குடிப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். இருட்டு நேரம் குறைவு. உறைந்த மீன்களே ஒன்றுக்கொன்று குளிர் கொடுத்துக்கொண்டு அந்த நேரத்தைத் தாண்டின. மூடியைத் திறக்காமலே பார்க்க ஒரு வெப்பமானியின் வயரை உள்ளே விட்டிருந்தேன். பொழுதுபடும்போது பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. விடியப் பதினேழு. ஒவ்வொரு காலையும் அந்த இலக்கத்தைப் பார்க்க முன் கண்ணை மூடிக்கொள்வேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பென்டே ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "உங்கள் குடிலுக்குள் என்ன இரைகிறது?" என்று டெனிஷில் கேட்டா. "அம்மாவின் மீன்" என்றேன். அவ பனல்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனா. அடுத்த நாள் வந்து பார்த்தபோது பனலில் வெளிச்சம் வித்தியாசமாக இருந்தது. பின்னேரங்களில் ஒரு மூலையில் நிழல் போடும் அவவின் மரக்கிளை அங்கே இல்லை. ஒரு மூலை நிழலால் முழுப் பனலும் சோர்ந்துபோகும் என்பது பென்டேக்கு எப்படித் தெரிந்தது? நான் அதை அவவிடம் சொல்லியிருக்கவே இல்லை.

பதினைந்தாம் நாள் மழை தொடங்கியது.

இங்கத்தைய மழை உங்களுக்குத் தெரியுமே. அடித்துப் பெய்து ஓயாது. சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். பனல் தர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கும் தரவில்லை. மூன்றாம் நாள் காலை வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினொன்றுதான் காட்டியது. அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, பற்றறி இறங்கீட்டுது. உள்ள இருக்கிற குளிர் போகப் பாக்குது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓம்" என்றார். பிரீசரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் சொல்லும் சொல் அநேகமாக அது ஒன்றுதான். அவர் அழவில்லை அம்மா. தொழிற்சாலைக்குப் போனார், வந்தார், விளக்குக்கு எண்ணெய் விட்டார். வந்தவர்கள் கையைப் பிடித்தால் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். "உவன் அழாமல் இருக்கிறது எனக்குப் பயமாக் கிடக்கு" என்று மாமி குசினிக்குள் என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மழை விட்டு வானம் கொஞ்சம் வெளித்திருந்தது. நான் போகும்போது அப்பாவின் சைக்கிள் முன்னமே அங்கே நின்றது. குடிலுக்குள் போனேன்.

பிரீசரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் உங்கள் தடித்த போர்வை இருந்தது. அதற்கு மேல் உங்கள் சீலைகள். பச்சைக் கரை போட்ட நூல் சீலை, என் பூப்புனித விழாவுக்குக் கட்டியது, வேலைக்குக் காலுறை தேடும்போது எப்போதும் இழுபட்டு விழும் அந்த ஊதா. ஆறு சீலைகள். ஒவ்வொன்றும் சுருக்கம் இல்லாமல் சுற்றி, கயிறு போட்டு, முடிச்சு உறுத்தாதபடி பக்கத்தில் கட்டியிருந்தது. பக்கத்துக் கதிரையில் அப்பா கையை அந்தச் சீலைகளின் மேல் வைத்தபடி இருந்தார்.

யாருக்காவது கொடுக்க என்று மாமி உங்கள் உடுப்புகளை இரண்டு பைகளில் கட்டி வாசலில் வைத்திருந்தார். அந்தப் பைகளிலிருந்து அப்பா எடுத்திருக்கிறார்.

"குளிர் போகப் பாக்குது எண்டனி எல்லோ" என்றார் அப்பா. "நேற்று நீ படுத்த பிறகு வந்து சுத்தினனான். காலமை வந்து போட்டும் விட்டனான், நீ காட்டினமாதிரி. மூண்டு மணித்தியாலமா ஓடுது."

வெப்பமானியைப் பார்த்தேன். பூச்சியத்துக்குக் கீழே ஆறு. மூன்று மணி நேரம் ஓடியும் ஒரு பாகைகூட இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது. கொம்பிரசர் மூச்சு வாங்குவதுபோல இரைந்தது. சீலைகளுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியின் சுவரைத் தொட்டேன். சட்டென்று கையை எடுத்தேன்.

நான் என்ன செய்வது அம்மா? அந்தச் சீலைகளை அவிழ்த்தால்தான் மீன் தப்பும். அவிழ்த்தால் அப்பா என்ன ஆவார்? ஒன்றும் சொல்லாமல் கயிற்றை வெட்டிவிட்டு ஓடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மற்ற நேரமாக இருந்தால் உங்களை அனுப்பியிருப்பேன்.

"அப்பா, இதை எடுக்கோணும்."

"ஏன் பிள்ளை? குளிர் வெளியால போகாதெல்லோ."

"போகோண்டியது குளிர் இல்லை அப்பா, சூடு. மீனில இருந்து எடுக்கிற சூட்டை இது இந்தச் சுவராலதான் வெளியால விடுறது. நீங்கள் மூடிப்போட்டியள். அதுக்கு விட இடமில்லை. அதுதான் திரும்பி உள்ளுக்குப் போகுது."

என் வாழ்க்கையில் அப்பாவிடம் இவ்வளவு நீளமாக நான் கதைத்ததில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நான் செய்ததுபோலவே சீலைகளுக்கு அடியில் கையை விட்டார். நான் உடனே எடுத்த கையை அவர் எடுக்கவில்லை.

"காய்ச்சல்காரர் மாதிரிக் கொதிக்குது" என்றார்.

அவரே கயிற்றை அவிழ்த்தார். ஒவ்வொரு சீலையாக எடுத்து மடித்து மடியில் வைத்தார். ஊதாச் சீலைக்கு வந்தபோது மடிக்க முடியவில்லை. முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. அப்பாவிடம் இருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் சுவரிலிருந்து வந்த சூடு எங்கள் இரண்டு பேரின் காலிலும் பட்டுக்கொண்டிருந்தது.

கனநேரத்துக்குப் பிறகு, "ஓடாத நேரம் மூடலாம் அப்பா" என்றேன். "இரவில மூடலாம். மூடினா நல்லது. ஓடேக்கதான் மூடக் கூடாது."

"இரவில நல்லதோ?"

"ஓம்."

அன்றிலிருந்து அது அப்பாவின் வேலை ஆனது. ஒவ்வொரு பின்னேரமும் நான் இன்வேர்ட்டரை நிற்பாட்டியதும் அவர் உங்கள் போர்வையையும் சீலைகளையும் போர்த்துவார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து எடுத்து மடித்து வைப்பார். மாமி இதைக் கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்தார். "சீலையைத் தாங்கோ எண்டு சனம் கேக்குது, இவன் மீனுக்குப் போர்த்துக்கொண்டு திரியிறான்." ஆனால் வாசலில் இருந்த பைகளை மாமி தானே அவிழ்த்து அலுமாரிக்குள் திருப்பி வைத்ததை நான் கண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் வந்தது. பின்னேரம் வெப்பமானியில் பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது. மறுநாள் பதினாறு. நான் பனலுக்குப் பக்கத்தில் புல்லில் படுத்துக்கொண்டு அந்த வெயிலைப் பார்த்தேன். அது சூரியனை விட்டுப் புறப்பட்டு இங்கே வர எட்டு நிமிடம் ஆகுமாம். வழியில் ஒன்றுமே இல்லாத இருட்டாம். அவ்வளவு தூரத்தைக் கடந்து வந்து, ஒடென்சேயில் ஒரு குடிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பனலில் விழுந்து, உங்கள் கை பட்ட மீனுக்குள் இருந்து கொஞ்சச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. யாரும் அதைக் கேட்கவில்லை. யாரிடமும் அது நன்றி எதிர்பார்க்கவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் படையலைத் தோட்டத்திலேயே வைப்போம் என்று அப்பா சொன்னார். மாமி சட்டிகளைக் கூடையில் அடுக்கினார். காலையிலேயே மீனை எடுத்தோம். கத்தி போட முடியாதபடி இறுகிக் கிடந்தது. இளகியதும் மாமி வெட்டினார். "இதென்னடி இது, எலும்பெல்லாம் பச்சை" என்றார். இத்தனை வருசம் நீங்கள் முள் எடுத்துச் சமைத்த முரலைத்தான் சாப்பிட்டிருக்கிறார், வெட்டிப் பார்த்ததில்லை. இந்தக் கடலின் முரலுக்கு எலும்பு மரகதம் போலத்தான் இருக்கும் என்று சொன்னேன். நம்பாமல் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிறைய நேரம் பிடித்தபடியே நின்றார்.

முரல் பொரியல், முரல் பால்க்கறி, புட்டு, நீங்கள் விரும்பும் கத்தரிக்காய். எல்லாவற்றையும் இலையில் வைத்துக் குடில் கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வெளியே நின்றோம். காற்று இல்லை. பென்டேயின் தோட்டத்திலும் சத்தமில்லை.

உள்ளே "டிக்" என்றது. பிறகு மெல்லிய உறுமல்.

மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். "கேட்டியே" என்று மூச்சுக்குள் சொன்னார். "வந்திட்டாள்."

அது கொம்பிரசர் என்று எனக்குத் தெரியும். காலையில் மீன் எடுக்கப் பல தரம் மூடியைத் திறந்ததால் உள்ளே கொஞ்சம் சூடேறியிருந்தது. அதனால் அது எழும்பியது. நேரம்கூட என்னால் சொல்லியிருக்க முடியும். நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. தெரிந்ததால் அது எனக்குச் சின்னதாகிவிடவில்லை. எட்டு நிமிடத்துக்கு முன் புறப்பட்ட ஏதோ ஒன்று, நாங்கள் கதவைச் சாத்திய பிறகு வந்து, உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"ஓம் அக்கா" என்றார் அப்பா. "வந்திட்டாள். அவசரப்படாதேங்கோ. ஆறுதலாச் சாப்பிடட்டும்."

வழமையாக ஐந்து நிமிடம் நிற்போம். அன்று கொம்பிரசர் தானாக நிற்கும்வரை நின்றோம்.

இன்னும் கொஞ்ச மீன் இருக்கிறது, அம்மா. ஐப்பசிக்குப் பிறகு இங்கே வெயில் போதாது. அப்போது பிரீசரை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று மாமியே சொல்லிவிட்டார். பங்குனியில் அது காலியாகிவிடும். சித்திரை முடிய முரல் மறுபடி கரைக்கு வரும். நான் போவேன். எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. எங்கே நிற்பது, என்ன கட்டுவது என்று அங்கே நிற்கும் ஆட்களிடம் நானே கேட்பேன். முதலில் குரல் வராது. வரும்வரை பக்கத்தில் நிற்பேன், பிறகு கேட்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும் உங்கள் ஒரே பிள்ளை,
ஆரணி
ஒடென்சே